பெரிய டொக்டரைத் தேடிப் போகாதீர்கள்

ஒரு பிள்ளைக்கு ஏதோ சின்ட்ரோம் என்று சொல்லிவிட்டார்கள் என்ற செய்தி மொன்றியல் தமிழர் மத்தியில் பரவ ஒரு பின்னேரம் போதும். டொலார்-தே-ஓர்மோ முருகன் கோவிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போதே ஆலோசனை தொடங்கிவிடும். "இஞ்ச உள்ளவங்களுக்கு இது விளங்காது, ரொறன்ரோவுக்குக் கொண்டு போங்கோ." "பொஸ்டனில இதுக்கெண்டே ஒரு டொக்டர் இருக்கிறாராம்." "வேலூரில ஒருக்காக் காட்டினீங்களோ அண்ணை?" சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். அந்த அன்புக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எந்த நோய்க்கும் அதைக் கரைத்துக் குடித்த ஒருவர் உலகத்தில் எங்கேயோ இருக்கிறார், கெட்டிக்காரப் பெற்றோர் அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள், முடியாதவர்கள் போதிய அளவு தேடவில்லை என்பதே அது.

இது எங்கள் ஆட்களின் நம்பிக்கை மட்டுமல்ல. 'பத்து வைத்தியர்கள் கைவிட்டார்கள், பதினோராவது நிபுணர் கண்டுபிடித்தார்' என்ற கதையை எல்லா மொழிப் பத்திரிகைகளும் விரும்பிப் போடுகின்றன. நிதி சேர்ப்பவர்களுக்கும் அந்தக் கதை வசதி. சுகாதார அமைச்சுகளுக்கு இன்னும் வசதி, ஏனென்றால் தேடுகிற வேலை குடும்பத்தின் தலையில் போய்விடுகிறது. அரிய மரபணு நோய்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை பிழையானது, பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்வது என்று சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

இதய பைபாஸ் செய்ய வேண்டுமா, ஆயிரம் செய்த கையைத் தேடிப் போங்கள். அதில் எனக்குத் தர்க்கமில்லை. ஆனால் அரிய நோயில் ஆயிரம் செய்த கை என்பதற்கே இடமில்லை. ஐரோப்பாவில் 2,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவதை அரிய நோய் என்கிறார்கள். அப்படிப்பட்டவை 6,000க்கு மேல் இருக்கின்றன. பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வருகிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். கனடாவின் சனத்தொகை ஏறக்குறைய 4 கோடி, ஆகவே முழு நாட்டிலும் 40 பேர். கியூபெக்கில் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் இரண்டு கைக்குழந்தை, ஒருவர் காஸ்பேயில் மீன்பிடிக்கிறவர், மூன்று பேருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயின் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று யார், எதைப் பார்த்து ஆவது?

இதற்கு உடனே ஒரு பதில் வரும். மொன்றியல் சாதாரண ஊரா, மரபணு மருத்துவத்தின் தலைநகரல்லவா? உண்மைதான். 1950களின் தொடக்கத்தில் கிளார்க் ஃபிரேசர் கனடாவின் முதலாவது வைத்தியசாலை மரபணுப் பிரிவை மொன்றியல் சிறுவர் வைத்தியசாலையில் தொடங்கினார். சார்ள்ஸ் ஸ்கிரைவர் உலகம் முழுவதும் புரட்டிய பரம்பரை வளர்சிதை நோய்ப் பெருநூலின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். மொன்றியல் நரம்பியல் நிலையத்தில் இருந்த ஏவா ஆண்டர்மன், பிரெடெரிக் ஆண்டர்மன் தம்பதியின் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் இன்னும் நீளும். ஆனால் இவர்கள் எப்படி நிபுணர் ஆனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கதை தலைகீழாகிவிடும்.

1608க்கும் 1759க்கும் இடையில் பிரான்சிலிருந்து வந்து இங்கே வேரூன்றியவர்கள் சுமார் 8,500 பேர். அவர்களின் சந்ததியில் ஒரு பகுதி கியூபெக்கின் சார்லவுவாப் பகுதியில் தங்கி, 1838க்குப் பிறகு அங்கிருந்து சகனே பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தது. சிறிய தொகை, பெரிய குடும்பங்கள், வெளியிலிருந்து வரவு குறைவு. முதலில் வந்த ஒருவர் இருவரின் மரபணுப் பிழைகள் அங்கே பெருகின. உலகத்தில் வேறெங்கும் காண்பதற்கரிய நோய்கள் சகனேயில் ஒரே தெருவில் இரண்டு வீட்டில் இருந்தன. ஆண்டர்மன்கள் 1972இல் விவரித்ததும் அந்தப் பக்கத்து நோயைத்தான். 1978இல் ஜான்-பியர் பூஷாரும் சகாக்களும் தள்ளாடி நடக்கும் பிள்ளைகளைப் பார்த்து எழுதிய 'சார்லவுவா-சகனே அற்றாக்ஸியா'வும் அப்படித்தான். நோயாளர் ஒரே இடத்தில் கூடினார்கள், அதனால் நிபுணர் உருவானார்கள். நிபுணரைத் தேடி நோயாளர் போகவில்லை.

அந்த அற்றாக்ஸியாவின் மரபணு 2000இல் மொன்றியலில் அடையாளம் காணப்பட்டது. பிறகு நடந்ததுதான் சுவாரசியம். கியூபெக் மூலைக்குரிய நோய் என்று நினைத்தது ஜப்பானில், துருக்கியில், இத்தாலியில், துனீசியாவில் எல்லாம் இருப்பது தெரிந்தது. இந்தியாவிலும் கண்டிருக்கிறார்கள். இன்று யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ தள்ளாடி நடக்கிற ஒரு பிள்ளைக்குச் சகனேயின் பெயர் கொண்ட நோய் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரத்தத்தில் அந்த மரபணுவைப் பார்க்கிற ஒரு கூடம். கியூபெக்குக்கு விமான ரிக்கெற் அதற்குத் தேவையில்லை.

மக்கில் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோசன்பிளாற் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகூடத்தைப் பாருங்கள். பிறவியிலேயே உடல் விற்றமின் பி12ஐக் கையாள முடியாத நோய்களுக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அங்கே கேட்பார்கள். பிள்ளைகள் அங்கே போவதில்லை. பிள்ளையின் கையிலிருந்து எடுத்த கடலைப் பருப்பளவு தோல் ஏதோ ஒரு ஊரில் கண்ணாடிக் குப்பியில் வளர்க்கப்பட்டு, அந்தக் கலங்கள் மொன்றியலுக்குப் பொதியாக வரும். இங்கே குறைபாடு எந்த வகை என்று பிரித்துச் சொல்வார்கள். பதில் கடிதமாகத் திரும்பிப் போகும். ஊசி போடுவது, இரத்தம் பார்ப்பது, தாயிடம் பேசுவது எல்லாம் அந்த ஊர் வைத்தியர். அந்த வகைகளில் அடிக்கடி காணப்படுகிற ஒன்றின் மரபணுவை 2006இல் கண்டுபிடித்ததும் இந்தக் குழுதான், அப்படி வந்து சேர்ந்த கலங்களைக் கொண்டு. உலகின் முதல்தர நிபுணரும் உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே தன் வேலையைச் செய்துவிட்டார். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக மாட்டேன். சில நோய்களில் நேரம்தான் உயிர். சரியான ஆளிடம் சரியான கிழமையில் போகாவிட்டால் பிள்ளை இல்லை. அப்படியிருக்க 'தேடாதே' என்று எப்படிச் சொல்வது?

சகனேயில் ஏறக்குறைய இருபது பேரில் ஒருவர் தனக்கு நோயில்லாமலே மரபணுவில் காவுகிற ரைரோசினீமியாவே இதற்குச் சரியான உதாரணம். ஈரல் கெடும், சிறுநீரகம் கெடும், பிள்ளையிடமிருந்து அவித்த கோவா மணம் வரும். ஒரு காலத்தில் ஈரல் மாற்றாவிட்டால் முடிவு ஒன்றுதான். மருந்து வந்த வழி விசித்திரமானது. போத்தல் கழுவும் தூரிகை போலப் பூக்கும் ஒரு செடியின் அடியில் களை முளைப்பதில்லை என்று களைகொல்லி தேடிய இரசாயனவியலாளர்கள் கவனித்தார்கள். அந்த வழியில் பிறந்த சேர்மங்களில் ஒன்று உடம்பில் ரைரோசின் என்ற அமினோ அமிலம் சிதைகிற பாதையைத் தடுத்தது. சுவீடனில் லிண்ட்ஸ்டெட்டும் குழுவும் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து 1992இல் எழுதினார்கள். 1994இல் கியூபெக் பிள்ளைகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது. சென்ற் ஜுஸ்தீன் வைத்தியசாலையின் கிராண்ட் மிச்செலும் சிகூத்திமியின் ஜான் லரோஷெலும் மற்றவர்களும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட கணக்கில், பிறந்து முதல் மாதத்துக்குள் மருந்து தொடங்கிய பிள்ளைகளில் ஒருவருக்கும் ஈரல் மாற்றத் தேவைப்படவில்லை.

அந்தப் பெற்றோர் யாரைத் தேடினார்கள்? ஒருவரையும் தேடவில்லை. பிள்ளை பிறந்து ஓரிரு நாளில் தாதி குதிக்காலில் குத்தி, தடித்த காகிதத்தில் சில சொட்டு இரத்தத்தை ஊறவிட்டார். காகிதம் கியூபெக் நகரத்துக்குப் போனது. பிழை தெரிந்ததும் தொலைபேசி வைத்தியசாலைப் பக்கத்திலிருந்து வீட்டுப் பக்கம் அடித்தது. நிபுணர் பிள்ளையைத் தேடி வந்தார். 1969இல் ஸ்கிரைவரும் குளோட் லபேர்ஜும் மற்றவர்களும் கட்டிய கியூபெக் மரபணு மருத்துவ வலையமைப்பின் சாதனை இதுதான். நேரம் உயிராக இருக்கிற நோயில் பெற்றோரின் தேடல் எப்போதுமே பிந்தியது. ஆகவே நேரத்தைச் சொல்லித் தேடலுக்கு வாதாடுகிறவர்கள் உண்மையில் எனக்காகத்தான் வாதாடுகிறார்கள்.

இந்த மாகாணத்தில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத இன்னொன்றும் நடக்கிறது. பிள்ளைக்கு மூன்று கிழமை ஆனதும் வீட்டிலேயே சிறுநீர் எடுத்து, வைத்தியசாலை தந்த காகிதத்தில் நனைத்து, காயவைத்து, உறையிலிட்டுப் பரம்பரை நோய்ப் பரிசோதனைக்காகத் தபாலில் சேர்புறூக்குக்கு அனுப்ப வேண்டும். 1970களின் தொடக்கத்திலிருந்து நடக்கிற வேலை. கட்டாயமில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் வீடுகளில் அந்த உறை குளிர்சாதனப் பெட்டியின் மேல் விளம்பரத் தாள்களோடு கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். விளக்கக் குறிப்பைத் தமிழில் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாய்க்குப் பிரெஞ்சு ஓடவில்லை, பத்திய நாளில் யாருக்கு அதைப் பார்க்க நேரம்? பொஸ்டன் நிபுணரின் பெயர் அதே வீட்டில் வட்ஸ்அப்பில் மூன்று முறை வந்து சேர்ந்திருக்கும்.

'எங்கட ஆக்களைச் சென்னைக்காரருக்குத்தான் தெரியும்' என்ற வாதம் பொஸ்டன் கதையைவிடக் கொஞ்சம் கனமானது. அதில் உண்மை இருக்கிறது. மரபணுப் பரிசோதனை முடிவில் 'பொருள் தெளியாத மாற்றம்' என்று ஒரு வரி வரும். தீங்கானதா, சும்மா இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாத எழுத்து மாற்றம் என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்கிற தரவுத்தளங்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சத்தினர் என்பதால், எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வரி கூடுதலாக வருகிறது. எங்கள் பக்கத்துக் குழுக்களின் நோய்கள் எங்கள் பக்கத்தில் பார்த்தால்தான் தெரியும் என்பதும் சரி. அகர்வால் சமூகத்தில் தலை பெருத்து மூளையின் வெள்ளைப் பகுதி பாதிக்கப்படும் நோயை மும்பையில் சிங்கால் தொண்ணூறுகளிலேயே எழுதினார். வைசியர் சிலருக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் ஒரு தசைத்தளர்ச்சி மருந்து உடம்பை விட்டு இறங்காது, மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. ஹைதராபாத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியக் குழுக்கள் பலவற்றில் இப்படிப்பட்ட தனி நோய்களைத் தேட வேண்டும் என்றது. இந்தியாவில் வைசியரின் விடயத்தை முன்பே அறிந்திருந்தவர்கள் மயக்கமருந்து கொடுப்பவர்கள். மேசையில் படுக்க வைக்குமுன் "நீங்கள் வைசியரா?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர்தான் அந்த அரிய நோய்க்கு நிபுணர். அவருடைய அறைக்கு வெளியே அப்படி ஒரு பலகை தொங்காது.

ஆக, சென்னைக்கு அறிவு இருக்கிறது என்றால் அந்த அறிவை இங்கே வரவழைக்கலாம். மாற்றத்தின் சரியான குறியீட்டை ஒரு ஆய்வுகூடம் இன்னொன்றிடம் கேட்க நிமிடங்கள் போதும். அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் இரத்தமும் ஒன்றாகப் பார்க்கப்பட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் இதில் எங்கே வருகிறது?

எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கலாமென்றிருக்கிறேன். நிபுணருக்குத் தெரியாத, உங்களுக்குத் தெரிந்த விடயத்தை ஏன் மறைக்கிறீர்கள்? மரபணு ஆலோசகரின் அறையில் முதல் அரை மணி நேரம் ஒரு தாளில் படம் கீறுவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, சொந்தத்துக்குள் முடித்தவர்களுக்கு இரட்டைக் கோடு. "உங்கள் இருவருக்கும் ஏதாவது உறவு உண்டா?" "இல்லை" என்பார் தகப்பன். மாமன் மகள்தான் மனைவி. "குடும்பத்தில் சிறு வயதில் இறந்த பிள்ளைகள்?" "அப்படி ஒண்டுமில்லை." சாவகச்சேரியில் பெரியம்மாவுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண் குழந்தைகள் வலிப்பு வந்து போனது அம்மம்மாவுக்குத் தெரியும், ஆனால் அம்மம்மா வரவேற்பறையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு இருக்கிறார், அவரை ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. இரட்டைக் கோடு ஒன்று விழுந்திருந்தால் பரிசோதனையை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதே மாறியிருக்கும். அம்மம்மாவின் ஞாபகம் எந்தப் பேராசிரியரிடமும் இல்லாத தரவு.

மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது, தெரியும். வீட்டில் கலியாணத்துக்கு ஒரு பெண் இருப்பாள். காப்புறுதிக்காரன் பிடித்துவிடுவான் என்ற பயம் இருக்கும். காப்புறுதிப் பயத்துக்கு மட்டும் ஒரு பதில்: 2017இல் கனடா கொண்டுவந்த சட்டப்படி, மரபணுப் பரிசோதனை செய், முடிவைக் காட்டு என்று எந்த ஒப்பந்தத்துக்கும் நிபந்தனை போடக்கூடாது. கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. குடும்ப வரலாற்றைக் காப்புறுதிக்காரர் கேட்கலாம் என்ற ஓட்டை இன்னமும் இருக்கிறது. கலியாணப் பயத்துக்கு உச்ச நீதிமன்றத்திலும் மருந்தில்லை.

சில வேளை தேடுகிற காலத்தில் விடையே பிறந்திருக்காது. கற்றலில் பின்தங்கி, வலிப்போடு வளர்ந்த சில பிள்ளைகளுக்குக் காரணம் ஸின்கேப்1 என்ற மரபணு என்று சென்ற் ஜுஸ்தீனில் ஜாக் மிஷோவின் குழு கண்டது 2009இல். 2005இல் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உலகத்தைச் சுற்றியிருந்தாலும் பெயர் சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார். பயன் பெற்றவர்கள், அதே கிளினிக்குக்குத் திரும்பத் திரும்ப வந்து, இரத்தத்தைக் கொடுத்துவைத்திருந்தவர்கள். இன்றும் அப்படித்தான். எல்லா மரபணுக்களின் குறியீட்டுப் பகுதிகளையும் ஒன்றாக வாசிக்கிற எக்ஸோம் பரிசோதனையில் விடை கிடைக்காவிட்டாலும், அதைச் சில ஆண்டு கழித்து மறுபடி வாசித்தால், இடையில் கண்டுபிடிக்கப்பட்ட மரபணுக்களால் விடை வருவதுண்டு. ஊர் ஊராக மாறிப் போகிற குடும்பத்தின் கோப்பு ஓர் இடத்திலும் முழுதாக இருக்காது, அதை யார் திரும்ப வாசிப்பது?

பெயர் கிடைத்த பிறகாவது நிபுணர் வேண்டாமா? 22ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறக்கும் பிள்ளையை எடுங்கள். அரிய நோய்களில் அவ்வளவு அரிதில்லாதது. இதயம், அண்ணம், எதிர்ப்புச் சக்தி, கல்சியம், பேச்சு, பின்னாளில் மனநலம் என்று எங்கு வேண்டுமானாலும் கை வைக்கும். யாருக்கு எதை எப்போது பார்க்க வேண்டும் என்ற வழிகாட்டி 2011இலேயே எழுதப்பட்டு, பிறகு புதுப்பிக்கப்பட்டும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வருடத்துக்கொருமுறை கல்சியம் பார்க்கவும், உயிருள்ள தடுப்பூசிக்கு முன் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்கவும், பாடசாலைக்குக் கடிதம் எழுதவும் ஒரு குடும்ப வைத்தியர் போதும். அந்தக் குடும்ப வைத்தியர்தான் கியூபெக்கில் கிடைப்பதில்லை. அரசின் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிறவர்களுக்குச் சிறப்பு வைத்தியரிடம் போக ரெபரல் எழுதக்கூட ஆளில்லை. அரிய நோய்க் குடும்பங்களின் உண்மையான பஞ்சம் அடிமட்டத்தில், உச்சியை நோக்கிக் கைகாட்டினால் அது கண்ணில் படாது. பதினெட்டு வயதானதும் சிறுவர் வைத்தியசாலையின் கதவு சாத்தப்படும், அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த பெரிய டொக்டர் அந்தப் பக்கம் நின்றுவிடுவார் என்பதையும் ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அரசாங்கங்களுக்கும் உச்சிதான் பிடிக்கிறது. ஒட்டாவா 2023 மார்ச்சில் மூன்று ஆண்டுக்கு 150 கோடி டொலர் அறிவித்தது, பெரும்பாலும் மருந்துகளுக்கு. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுக் கொள்கை, பிறகு திருத்தப்பட்டபடி, ஒரு நோயாளிக்கு 50 இலட்சம் ரூபாய் வரை தருகிறது, குறித்த சில சிறப்பு மையங்களின் வழியாக. தமிழ்நாட்டில் முதுகெலும்புத் தசைச்சிதைவு நோய்க்கான '16 கோடி ஊசி' என்றால் பெட்டிக்கடையிலும் தெரியும். எனக்கு அந்தப் பணத்தில் பொறாமை இல்லை, ஊசியால் பிழைத்த பிள்ளையை யாரும் கணக்குப் பார்க்கக்கூடாது. ஆனால் பெரும்பான்மையான அரிய நோய்களுக்கு அப்படி ஒரு ஊசியே கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது ஒருங்கிணைக்கிற ஒரு தாதி, ஒரு ஆலோசகர், ஒரு உரைபெயர்ப்பாளர். கியூபெக் 2022 ஜூனில் அரிய நோய்க்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அதை இந்தச் சின்ன ஆட்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் அளப்பேன்.

"உன்ர பிள்ளை எண்டால் இப்பிடிக் கதைப்பியோ?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அற்றாக்ஸியா வந்த பிள்ளைகளின் பெற்றோர் இந்த நகரத்திலேயே 2006இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். தங்கள் நோய்க்குப் பெரிய டொக்டர் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, பணம் சேர்த்து, ஆய்வாளர்களைப் பல நாடுகளிலிருந்தும் அந்த நோயின் பக்கம் இழுத்தார்கள். எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லாமல் இருக்கலாம். கியூபெக் அரிய நோய்ச் சங்கக் கூட்டமைப்பின் தகவல் நிலையத்துக்கு ஒரு போன் அடிக்க வசதி தேவையில்லை. மரபணுவின் பெயரையும் மாற்றத்தின் குறியீட்டையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம். எப்போது மறுபடி வாசிப்பீர்கள் என்று திகதி கேட்கலாம். பொஸ்டன் ரிக்கெற்றுக்கென்று உறவினர் சேர்த்த காசு கையில் இருந்தால், கொழும்புப் பல்கலைக்கழக மரபணுப் பிரிவு 1983இலிருந்து இயங்குகிறது, சாவகச்சேரிப் பெரியம்மாவை அங்கே கூட்டிப்போய் இரத்தம் கொடுக்க அதில் ஒரு சிறு பங்கு காணும்.